ஓனர் நமக்குக் கொடுத்ததே 30 நாள், சப் கான்ட்ராக்டருக்கு அதற்கு மேல் கொடுக்கலாமா?

கடிதச் சுருக்கம்

சென்னையிலிருந்து ஒரு சிவில் இன்ஜினியர் எழுதியிருக்கிறார். வயது 29. பெயர், நிறுவனம், சைட் எதையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய சில விவரங்களை நானும் மாற்றியிருக்கிறேன்.

நடுத்தர அளவு மெயின் கான்ட்ராக்டர் ஒருவரிடம் பிளானிங், பில்லிங் இரண்டையும் இவரே பார்க்கிறார். தென் சென்னையில் ஆறு மாடி அலுவலகக் கட்டடம். அதன் ஏ.சி. வேலையை, டக்ட் (காற்றுக் குழல்), சில்லர் (குளிரூட்டும் இயந்திரம்), குழாய் எல்லாம் சேர்த்து, 2.4 கோடி ரூபாய்க்கு ஒரு சப் கான்ட்ராக்டரிடம் கொடுத்திருக்கிறார்கள். 1 ஆகஸ்ட் 2023-இல் தொடங்கி 31 மார்ச் 2024-க்குள் முடிக்க வேண்டும். முடிந்தது 20 ஜூலை 2024. ஆக, 111 நாள் தாமதம். சப் கான்ட்ராக்டர் கேட்கும் கால நீட்டிப்பு 118 நாள்: ஆறாவது மாடி தாமதமாகக் கைக்கு வந்ததற்கு 40, டிராயிங் அப்ரூவலுக்கு 25, டிசம்பர் புயல் வெள்ளத்துக்கு 18, சில்லரை மொட்டை மாடியிலிருந்து தரைக்கு மாற்றியதற்கு 20, ஆர்.ஏ. பில் (வேலை நடக்க நடக்கப் போடும் இடைக்கால பில்) பணம் தள்ளிப்போனதற்கு 15.

எம்.டி. சொல்வது இது: "ஓனர் நமக்கே 30 நாள்தான் கொடுத்தார், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கிடையாது. 14 நாளில் நோட்டீஸும் தரவில்லை. டைம் ஈஸ் தி எசன்ஸ் (காலமே உயிர்நாடி) என்று ஒர்க் ஆர்டரிலேயே இருக்கிறது. ரிஜெக்ட் பண்ணி எழுது." எல்.டி. (தாமதத்துக்கு ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்த ஈட்டுத்தொகை) 5 சதவீதம், 12 லட்சம் ரூபாய், ஏற்கெனவே பில்லில் நிறுத்தியாயிற்று. நீட்டிப்பு கொடுத்தால் நஷ்ட ஈடும் கேட்பார் என்ற பயமும் எம்.டி.க்கு உண்டு. கூடவே, சைட்டில் இருக்கும் ஹிண்ட்ரன்ஸ் ரெஜிஸ்டரை, அதாவது வேலைத் தடைகளைப் பதிந்து வைக்கும் ஏட்டை, 'புதிதாக எழுதச்' சொல்கிறாராம். "சார், இந்த 118-ஐ எப்படி எடை போடுவது? எம்.டி. சொல்வது சட்டப்படி சரியா? நான் கையெழுத்துப் போடலாமா?" என்பது கேள்வி. ஒர்க் ஆர்டர், நான்கு ப்ரோக்ராம் (வேலைக் கால அட்டவணை) அப்டேட், டி.பி.ஆர். (அன்றாட வேலை அறிக்கை) பக்கங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து அனுப்பியிருக்கிறார். இதற்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இவை இல்லாமல்தான் வருவார்கள்.

அன்புள்ள இன்ஜினியருக்கு,

முதலில் அந்த ரெஜிஸ்டர். அதைத் தொடாதீர்கள். மற்றதெல்லாம் பேசித் தீர்க்கக்கூடிய விஷயம், இது அப்படியல்ல. ஒப்பந்தச் சர்ச்சையைத் தீர்க்கும் நடுவர் (ஆர்பிட்ரேட்டர்) முன் காட்டுவதற்காகப் பொய்ச் சான்று உருவாக்குவதும் குற்றவியல் சட்டப்படி குற்றம்தான். கோர்ட்டில் காட்டினால்தான் குற்றம் என்று நினைக்க வேண்டாம். நடைமுறையாகப் பார்த்தாலும், சப் கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் அந்தப் பக்கங்களை மொபைலில் படம் எடுத்து வைத்திருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாற்றி எழுதிய ஒரு பக்கம் வெளியே வந்தால், உங்கள் பக்கம் உண்மையாக இருக்கும் நூறு பக்கங்களையும் யாரும் நம்ப மாட்டார்கள். உண்மையில் அந்த ரெஜிஸ்டரில் உங்களுக்குச் சாதகமான பதிவுகளும் நிறைய இருக்கின்றன. எம்.டி. அதைப் படித்துப் பார்த்ததாகவே தெரியவில்லை.

இனி 118-க்கு வருவோம்.

நாட்களைக் கூட்டக் கூடாது, காலண்டரில் வைக்க வேண்டும்

111 நாள் தாமதத்துக்கு 118 நாள் நீட்டிப்பு கேட்டிருக்கிறார் என்பதிலேயே கணக்கு எப்படிப் போடப்பட்டது என்று தெரிகிறது. ஐந்து காரணம், ஐந்து எண், கடைசியில் ஒரு கூட்டல். கேட்டால்தான் பாதியாவது கிடைக்கும் என்ற கோயம்பேடு பேரம். அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. மெயின் கான்ட்ராக்டர் எப்படியும் வெட்டுவார் என்று தெரிந்து கூட்டிக் கேட்கிறார். கூட்டித்தான் கேட்டிருப்பார் என்று நினைத்து நாம் வெட்டுகிறோம். நீங்கள் இந்த ஆட்டத்துக்குள் போகாதீர்கள். ஒவ்வொரு காரணத்துக்கும் கேட்க வேண்டியது மூன்று. அந்தச் சம்பவம் நடந்ததா? அது யார் தலையில் விழ வேண்டிய ரிஸ்க்? அதனால் முடிவுத் தேதி தள்ளிப்போனதா? பெரும்பாலானவர்கள் முதல் இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். விடை மூன்றாவதில்தான் இருக்கிறது.

ஆறாவது மாடியை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ப்ரோக்ராம்படி 30 நவம்பர் 2023 அன்று அது சப் கான்ட்ராக்டர் கைக்கு வந்திருக்க வேண்டும். வந்தது 9 ஜனவரி 2024. சரியாக 40 நாள். காரணம், உங்கள் ஷட்டரிங் கேங் பாதியில் வேறு சைட்டுக்குப் போனது. டி.பி.ஆரில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆறாவது மாடி டக்ட் முடிந்தால்தான் இணைப்பு, டெஸ்டிங், பேலன்சிங் எதுவும் நடக்கும். எனவே முடிவுத் தேதி நேராக 40 நாள் தள்ளுகிறது: 31 மார்ச்சிலிருந்து 10 மே. இதில் வாதத்துக்கு இடம் குறைவு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 67-ஆம் பிரிவில் இதைத்தான் சொல்கிறது: வேலை செய்ய நியாயமான வசதியைச் செய்துதரத் தவறினால், அதனால் நடக்காமல் போனதற்கு வேலை செய்பவர் பொறுப்பல்ல. இடத்தையே கொடுக்காமல் அந்த இடத்தில் வேலை நடக்கவில்லை என்று குறை சொல்ல முடியாது.

டிராயிங் 25 நாள். 15 அக்டோபரில் வர வேண்டிய ஷாப் டிராயிங் அப்ரூவல் 9 நவம்பரில் வந்தது. சம்பவம் உண்மை, தவறு உங்கள் பக்கத்து கன்சல்டன்டுடையது. ஆனால் அது எந்த டிராயிங்? ஐந்து, ஆறாவது மாடிக்கானது. அப்ரூவலுக்குப் பிறகு ஷீட் வெட்டி டக்ட் செய்ய ஆறு வாரம் என்று சப் கான்ட்ராக்டரே எழுதியிருக்கிறார். 9 நவம்பரிலிருந்து ஆறு வாரம் என்றால் 21 டிசம்பர். அன்றைக்கு ஆறாவது மாடியே இல்லை. அது வர இன்னும் 19 நாள் இருந்தது. ஐந்தாவது மாடி முன்பே கைக்கு வந்ததுதான், ஆனால் அவர் ஆட்கள் அதைத் தொட்டதே 28 டிசம்பருக்கு அப்புறம். டிராயிங் தாமதம் யாரையும் காக்க வைக்கவில்லை. எனவே இதற்குத் தனியாக ஒரு நாளும் கிடையாது. இதை அவருக்கு இப்படியே, தேதி தேதியாக எழுதிக் காட்டுங்கள். "நிராகரிக்கப்படுகிறது" என்ற ஒற்றைச் சொல்லுக்குக் கோபப்படுகிறவர்கள்கூட, தேதி வரிசையைப் பார்த்தால் பெரும்பாலும் அமைதியாகிவிடுவார்கள்.

புயல் 18 நாள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வரும் என்பது சென்னையில் வேலை எடுக்கிற எல்லோருக்கும் தெரியும். "மழை" என்று மொட்டையாக எழுதி நாள் கேட்டால் நானும் ஏற்க மாட்டேன். ஆனால் டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலால் பெய்தது அந்த வகை இல்லை. மீனம்பாக்கம் வானிலை நிலையத்தின் அன்றாட மழைப் பதிவை எடுத்து, அதே மாதத்தின் முந்தைய பத்தாண்டுப் பதிவோடு பக்கத்தில் வைத்தால் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். ஆக, சம்பவம் உண்மை, இருவர் தவறும் இல்லை. ஆனால் உங்கள் டி.பி.ஆர்.படி ஆள் வராத நாள் 6. பேஸ்மென்ட் பம்ப் ரூமில் தண்ணீர் இறைத்தது மேலும் 7. 18 இல்லை, 13. அந்த 13 நாளும் ஆறாவது மாடிக்காகக் காத்திருந்த 40 நாளுக்கு உள்ளேயே விழுகிறது. ஒரே நாளுக்கு இரண்டு முறை நீட்டிப்பு தர முடியாது.

அப்படியானால் புயலுக்குப் பலனே இல்லையா? இருக்கிறது, வேறு வழியில். பம்ப் ரூம் வெள்ளத்தில் கிடந்ததால் சில்லர் குழாய் வேலை பின்தங்கியது. அந்த வேலைக்கு ப்ரோக்ராமில் இருந்த ஃப்ளோட், அதாவது தாமதமானாலும் முடிவுத் தேதியைத் தொடாத உபரி நாட்கள், குறைந்துகொண்டே வந்து ஜனவரி அப்டேட்டில் 8-இல் நிற்கிறது. உங்கள் எம்.டி. "ஃப்ளோட் நம்முடையது" என்று சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். ஒர்க் ஆர்டரில் அப்படி ஒரு வரி இல்லை. பிரிட்டனின் சொசைட்டி ஆஃப் கன்ஸ்ட்ரக்ஷன் லா 2002-இல் வெளியிட்டு 2017-இல் திருத்திய தாமத நெறிமுறையும், ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்லாதவரை ஃப்ளோட் இருவரில் ஒருவருக்கு மட்டும் சொந்தமல்ல என்ற நிலையைத்தான் எடுக்கிறது. அது நம் ஊர்ச் சட்டம் இல்லை. ஆனாலும் இங்கே நடுவர்கள் முன் அதை எடுத்துக்காட்டுவது சாதாரணம்.

12 ஜனவரி அன்று சில்லரை மொட்டை மாடியிலிருந்து தரைக்கு மாற்றச் சொல்லி ஓனர் உத்தரவு வருகிறது. கூடுதல் குழாய்க்கு 20 நாள் என்று சப் கான்ட்ராக்டர் கேட்பது, குழாய் நீளத்தையும் வெல்டர் எண்ணிக்கையையும் வைத்துப் பார்த்தால் நியாயமே. அந்த 20-இல் 8-ஐ ஃப்ளோட் விழுங்கிவிடுகிறது. மிச்சம் 12 நாள் டெஸ்டிங்கைத் தள்ளுகிறது. 10 மே, 22 மே ஆகிறது. புயல் மட்டும் வராமல் இருந்திருந்தால் ஃப்ளோட் இன்னும் அதிகமாக இருந்திருக்கும், 12-ம் குறைந்திருக்கும். ப்ரோக்ராமை மாதாமாதம் அப்டேட் செய்யச் சொல்லி நாங்கள் நச்சரிப்பது இதற்குத்தான். முதல் நாள் போட்ட பார் சார்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போடவே முடியாது.

கடைசியாக ஆர்.ஏ. பில் 15 நாள். பிப்ரவரியில் பணம் தள்ளிப்போனது உண்மை. ஆனால் அவருடைய ஆள் எண்ணிக்கை பிப்ரவரியில் 35, பணம் வந்த பிறகு மார்ச்சிலும் 35. பணத்துக்கும் வேலைக்கும் தொடர்பு இருந்திருந்தால் மார்ச்சில் ஆள் கூடியிருக்க வேண்டும். பணம் வராவிட்டால் வேலையை நிறுத்தலாம் என்று ஒர்க் ஆர்டரும் சொல்லவில்லை. எனவே நாள் கிடையாது. வட்டி வேறு விஷயம். அவர் சிறு நிறுவனமாகப் பதிவு செய்திருந்தால், 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி 45 நாளைத் தாண்டிய பாக்கிக்கு, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கில், மாதாமாதம் கூடும் கூட்டு வட்டி கேட்க முடியும். ஒர்க்ஸ் கான்ட்ராக்டுக்கு அந்தச் சட்டம் பொருந்துமா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே மாதிரி பேசவில்லை. இருந்தாலும், "பணம் லேட்டானால் என்ன ஆகிவிடும்" என்று எம்.டி. அசட்டையாக இருக்க வேண்டாம்.

ஆக என் கணக்கு 52 நாள். திருத்திய முடிவுத் தேதி 22 மே 2024. அதற்குப் பிறகான 59 நாள் சப் கான்ட்ராக்டருடையது. 60 ஆள் போடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு 35-ஐத் தாண்டாதவர், அந்த 59 நாளுக்கு வேறு யாரையும் கை காட்ட முடியாது.

"அவனிடமும் ஆள் இல்லையே" என்ற வாதம்

எம்.டி. சொன்னவற்றில் யோசிக்க வைப்பது இது ஒன்றுதான். நவம்பரில் தீபாவளிக்கும் அடுத்த வாரம் சத் பூஜைக்கும் வட மாநிலத் தொழிலாளர்கள் ஊருக்குப் போய், மூன்று, நான்காவது மாடி வேலை பின்தங்கியது. "ஆறாவது மாடியை 30 நவம்பரில் கொடுத்திருந்தாலும் ஏறி வேலை செய்ய அவனிடம் ஆள் ஏது?" என்கிறார்.

டி.பி.ஆரைப் பார்த்தேன். மூன்று, நான்காவது மாடிப் பாக்கி 28 டிசம்பரில் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் 9 ஜனவரி வரை 12 நாள், உங்கள் மாடி மட்டும்தான் பாக்கி. அதற்கு முந்தைய நாட்களில் இரு பக்கமும் தாமதம் ஓடியிருக்கிறது. இப்படி ஒன்றாக ஓடும் தாமதத்துக்கு என்ன செய்வது என்பதில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்துமே ஒத்துப்போகவில்லை. 1999-இல் மான்செஸ்டரின் மால்மெய்சன் ஹோட்டல் வழக்கிலிருந்து ஆங்கிலேய நீதிமன்றங்கள், முழு நாளையும் கொடு, பணம் கொடுக்காதே என்ற வழியில் போகின்றன. 2010-இல் சிட்டி இன் வழக்கில் ஸ்காட்லாந்து நீதிமன்றம் பங்கு பிரிக்கலாம் என்றது. நான் முதல் வழியையே சொல்வேன். ஆறாவது மாடி வரப்போவதில்லை என்று கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர், போன ஆட்களை அவசரமாகத் திருப்பிக் கூட்டிவந்து சும்மா உட்கார வைக்க மாட்டார். கூலி யார் கொடுப்பது?

எனவே 40 நாளும் காலமாகக் கிடைக்கும். நாளைக்கு அவர் ஐடில் சார்ஜ் (ஆட்கள் சும்மா இருந்ததற்கான செலவு) என்று பணம் கேட்டால், பேச்சு அந்த 12 நாளோடு நிற்க வேண்டும். நீட்டிப்பும் நஷ்ட ஈடும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும் என்று எம்.டி. பயப்படுகிறார் அல்லவா? இரண்டும் வேறு வேறு கணக்கு. புயலுக்கு நாள் உண்டு, பணம் கிடையாது. பில் தாமதத்துக்கு இங்கே நாள் கிடையாது, வட்டி கேட்க வழி இருக்கலாம்.

ஓனர் கொடுத்த 30

இதில்தான் உங்கள் எம்.டி. அடிப்படையிலேயே தடுமாறுகிறார், அவர் மட்டுமல்ல, இந்தத் தொழிலில் பெரும்பாலானோரும்தான். ஓனர் கொடுத்த 30 நாள் எதற்கு? கடிதத்தைப் பாருங்கள்: புயலுக்கு 12, சில்லர் மாற்றத்துக்கு 18. ஷட்டரிங் கேங் ஓடிப்போனதற்கு ஓனர் ஒரு நாளும் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டார், அது உங்கள் தவறு. ஆனால் சப் கான்ட்ராக்டரைப் பொறுத்தவரை ஓனர் இருக்கும் இடத்தில் இருப்பது நீங்கள். உங்கள் தவறால் அவருக்கு நேர்ந்த தாமதத்தை ஓனரின் கடிதத்தில் தேடினால் எப்படி இருக்கும்? இரண்டு ஒப்பந்தம், இரண்டு ப்ரோக்ராம், இரண்டு கணக்கு.

ஒர்க் ஆர்டரில் பேக் டு பேக் ஷரத்து (ஓனர் நமக்குத் தருவதையே சப் கான்ட்ராக்டருக்கும் தருவோம் என்ற நிபந்தனை) இருக்கிறதே என்பீர்கள். படித்தேன். "ஓனரால் ஏற்படும் தாமதத்துக்கு ஓனர் அனுமதிக்கும் அளவே" என்கிறது. ஓனரால் ஏற்படும் தாமதத்துக்கு மட்டும். சில்லர் விஷயத்தில் இது பொருந்தும். அங்கே ஓனர் கொடுத்தது 18, நாம் கொடுப்பது 12, இடிக்கவில்லை. ஆறாவது மாடிக்கு இந்த ஷரத்து வாயே திறக்கவில்லை.

இங்கிலாந்தில் ஒரு பழைய வழக்கு உண்டு. லிவர்பூலில் அடுக்குமாடி வீடுகள் கட்டிய பீக் என்ற மெயின் கான்ட்ராக்டருக்கும், பைலிங் (அடித்தளத் தூண் வேலை) செய்த மெக்கின்னி என்ற சப் கான்ட்ராக்டருக்கும் இடையே 1970-இல் அப்பீல் நீதிமன்றம் தீர்த்தது. பைலிங்கில் குறை இருந்தது உண்மை. ஆனால் அதைச் சரிசெய்யும் திட்டத்தை அங்கீகரிப்பதில் வேலை கொடுத்த மாநகராட்சியே நாள் கடத்தியது. ஒப்பந்தத்தில் அந்தத் தாமதத்துக்கு நீட்டிப்பு தர வழியில்லை. விளைவு: மாநகராட்சியின் எல்.டி. உரிமையே விழுந்தது, மெயின் கான்ட்ராக்டர் அதைச் சப் கான்ட்ராக்டர் தலையில் கட்டவும் முடியவில்லை. தடுத்தவரே தாமதத்துக்குப் பணம் பிடிக்க முடியாது. கொடுக்க வேண்டிய நாளைக் கொடுக்காவிட்டால் எல்.டி.யை எண்ணத் தொடங்க ஒரு தேதியே இல்லாமல் போகும். நீட்டிப்பு ஷரத்து ஒப்பந்தத்தில் இருப்பதே எல்.டி.யைக் காப்பாற்றத்தான். உங்கள் ஒர்க் ஆர்டரில் அது இருக்கிறது. பயன்படுத்தாமல் விடுவதுதான் ஆபத்து. நீட்டிப்பு கொடுப்பது சப் கான்ட்ராக்டருக்குச் சலுகை என்று எம்.டி. நினைக்கிறார். அவர் காப்பாற்றுவது தன் பணத்தை.

14 நாள் நோட்டீஸ்

சம்பவம் நடந்த 14 நாளில் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று ஒர்க் ஆர்டர் சொல்கிறது. முறையான கடிதம் மார்ச்சில்தான் வந்தது. இதனால் எல்லாமே போய்விட்டதா? அவ்வளவு சுலபமில்லை. ஃபிடிக் என்ற சர்வதேச ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பின் 1999 மாதிரி ஒப்பந்தத்தில் 28 நாளில் நோட்டீஸ் தராவிட்டால் நீட்டிப்பு கிடையாது என்று வெளிப்படையாக எழுதியிருக்கிறது. உங்கள் ஷரத்து "தெரிவிக்க வேண்டும்" என்பதோடு நிற்கிறது. தெரிவிக்காவிட்டால் உரிமை போகும் என்று இல்லை. அப்படி இருந்தாலும், ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, 1997-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, குறிப்பிட்ட நாள் கடந்தால் உரிமையே அழியும் என்ற ஏற்பாடுகளைச் செல்லாததாக்குகிறது என்று சப் கான்ட்ராக்டரின் வழக்கறிஞர் வாதிடுவார். அது எவ்வளவு எடுபடும் என்பது வாசகத்தைப் பொறுத்தது.

அதைவிட முக்கியம், அவர் சொல்லாமல் இல்லை. ஹிண்ட்ரன்ஸ் ரெஜிஸ்டரில் 2 டிசம்பர் பதிவு இருக்கிறது, உங்கள் சைட் இன்ஜினியர் கையெழுத்தோடு. வாட்ஸ்அப் குரூப்பில் "6த் ஃப்ளோர் எப்போ சார்?" என்று டிசம்பர் முழுக்கக் கேட்டிருக்கிறார், "நெக்ஸ்ட் வீக்" என்று நீங்களே பதில் போட்டிருக்கிறீர்கள். தெரிந்தே இருந்துவிட்டுத் தெரியாது என்று சொல்லிப் பயனில்லை. பில் தாமதத்துக்கு மட்டும் ரெஜிஸ்டரிலும் பதிவு இல்லை, குரூப்பிலும் இல்லை. நோட்டீஸ் வாதத்தை அங்கே வைத்துக்கொள்ளுங்கள், பலிக்கும். அந்த குரூப் உரையாடலை இன்றைக்கே எக்ஸ்போர்ட் செய்து பத்திரப்படுத்துங்கள்.

12 லட்சமா, 9.6 லட்சமா

இனி கொஞ்சம் கால்குலேட்டர். எல்.டி. வாரத்துக்கு அரை சதவீதம், உச்சவரம்பு 5 சதவீதம். 2.4 கோடிக்கு வாரம் 1.2 லட்சம், பத்து வாரத்தில் வரம்பைத் தொட்டுவிடும். நீட்டிப்பே கொடுக்காவிட்டால் 111 நாள், பதினைந்து வாரத்துக்கு மேல், ஆனால் வரம்பு 12 லட்சம். எம்.டி. சொல்லும் 30 நாள் கொடுத்தால் 81 நாள், பதினோரு வாரத்துக்கு மேல், அதுவும் 12 லட்சம். நான் சொல்லும் 52 நாள் கொடுத்தால் 59 நாள், முழு வாரம் எட்டு, 9.6 லட்சம். இத்தனை சண்டையும் 2.4 லட்சத்துக்கு. அதற்காக மீதி 9.6 லட்சத்தையும் பணயம் வைக்கிறார். எம்.டி.யிடம் சட்டம் பேச வேண்டாம், இந்த நாலு வரியை ஒரு தாளில் எழுதி மேஜையில் வையுங்கள்.

9.6 லட்சமும் சும்மா கிடைத்துவிடாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் எழுதிய தொகை வரை நியாயமான ஈடு என்கிறது. முழுத் தொகையும் தானாகக் கிடைக்கும் என்று சொல்லவில்லை. 2015-இல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம், இழப்பே இல்லாத இடத்தில் ஈடும் இல்லை என்றது. இழப்பைக் கணக்கிட்டுக் காட்டுவது கடினமாகவோ முடியாததாகவோ இருக்கும்போதுதான் நிரூபணம் இல்லாமல் எழுதிய தொகையைப் பார்க்கலாம் என்றது. ஓனர் உங்களிடம் இதுவரை எல்.டி. பிடிக்கவில்லை. அப்படியானால் 22 மே முதல் 20 ஜூலை வரை இவருக்காக சைட் ஆபீஸ், லிஃப்ட், செக்யூரிட்டி, உங்கள் சம்பளம் என்று என்ன செலவானது என்பதைத் திரட்டி வையுங்கள். தாமதத்துக்கு யார் காரணம் என்பது சர்ச்சையில் இருக்கும்போது ஒரு தரப்பே தீர்ப்பும் எழுத முடியாது என்பது 2011-இல் ஜே.ஜி. இன்ஜினியர்ஸ் வழக்கிலும் உறுதியானது. எம்.டி.யின் ரிஜெக்ட் கடிதம் கடைசி வார்த்தையாக இருக்கப்போவதில்லை.

அப்புறம் அந்த 'டைம் ஈஸ் தி எசன்ஸ்'. இதை எம்.டி. அழுத்திச் சொல்லச் சொல்ல அவர் காலிலேயே விழும். 55-ஆம் பிரிவின்படி, காலம் உயிர்நாடி என்ற ஒப்பந்தத்தில் கெடு தாண்டிய வேலையை ஏற்றுக்கொண்டால், ஈடு கேட்கப்போகிறேன் என்று ஏற்கும்போதே அறிவித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் கேட்க முடியாது. ஏப்ரலிலிருந்து ஜூலை வரை உங்கள் பக்கம் ஒரு கடிதமும் போகவில்லை, பில் மட்டும் பாஸ் ஆகியிருக்கிறது. நீட்டிப்பும் எல்.டி.யும் உள்ள கட்டுமான ஒப்பந்தத்தில் அந்த வரி இருந்தாலும் காலம் உயிர்நாடி ஆகிவிடாது என்ற நிலை 1979-ஆம் ஆண்டு ஹிந்த் கன்ஸ்ட்ரக்ஷன் வழக்கிலிருந்து இருக்கிறது. அந்த நிலைதான் உங்களுக்கு நல்லது. அப்போது ஈடு கேட்கும் உரிமை அறிவிப்பு இல்லாமலும் மிஞ்சும்.

இப்போது செய்ய வேண்டியது

கடிதம் எழுதும் முன் சப் கான்ட்ராக்டரை ஒரு நாள் உட்கார வையுங்கள். உங்கள் தேதி வரிசையைக் காட்டி, அவர் டி.பி.ஆரோடு ஒத்துப்பாருங்கள். பம்ப் ரூம் 7 நாளா 9 நாளா என்பது போன்ற சில்லறை வேறுபாடுகள் வரும். ஆதாரம் காட்டினால் திருத்திக்கொள்ளுங்கள். நீட்டிப்பு இருவரும் ஒப்பிய ஒன்றாக இருப்பது நல்லது. 63-ஆம் பிரிவின்படி காலம் நீட்டுவது ஒருதலையாக முடிகிற காரியமில்லை என்று 1958-லேயே உச்ச நீதிமன்றம் கேஷவ்லால் வழக்கில் சொல்லிவிட்டது.

அப்புறம் காரணத்தோடு கடிதம்: ஒவ்வொரு தலைப்புக்கும் கேட்டது, ஏற்றது, ஏன். திருத்திய தேதி 22 மே 2024. அதற்குப் பிந்தைய நாட்களுக்கு ஈடு கேட்கும் உரிமை நிலுவையில் இருக்கிறது என்ற ஒரு வரி. நீட்டிப்பால் மட்டும் பண உரிமை எதுவும் உருவாகாது என்ற இன்னொரு வரி.

கையெழுத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நானும் 26 வயதில் பிளானிங் இன்ஜினியராக இருந்தபோது, மேலே சொன்னார்கள் என்று ஒற்றை வரியில் ஒரு நிராகரிப்புக் கடிதம் எழுதினேன். மூன்று வருடம் கழித்து நடுவர் முன் சாட்சியாக உட்கார்ந்தவன் நான்தான். சொன்னவர் வேறு கம்பெனிக்குப் போயிருந்தார். "எப்படி இந்த முடிவுக்கு வந்தீர்கள்?" என்ற கேள்விக்கு என்னிடம் ஒரு தாள்கூட இல்லை. உங்கள் 52 நாள் கணக்கை உள் குறிப்பாக, தேதியிட்டு, எம்.டி.க்கு மெயிலில் அனுப்புங்கள். அதன் பிறகும் ரிஜெக்ட் கடிதம்தான் வேண்டும் என்றால், அதில் அவரே கையெழுத்துப் போடட்டும். "முடிவு உங்களுடையது சார், கணக்கு என்னுடையது" என்று மரியாதையாகச் சொல்லலாம். வேலை போய்விடுமோ என்ற பயம் உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது. இந்தக் கணக்கு கம்பெனிக்கு 9.6 லட்சத்தைக் காப்பாற்றும் கணக்கு என்று முன்வைத்தால் பேச்சின் தொனி மாறும்.

இன்னும் ஒன்று. சர்ச்சை இல்லாத அந்த 2.4 லட்சத்தை, நோ க்ளெய்ம் சர்டிபிகேட் (இனி எதுவும் கேட்க மாட்டேன் என்ற எழுத்து) கொடுத்தால்தான் தருவோம் என்று பிடித்து வைக்காதீர்கள். நெருக்கடியில் வாங்கிய அந்தக் கையெழுத்தை நீதிமன்றம் ஏற்காமல் போகலாம். 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த போகரா பாலிஃபாப் வழக்கைப் படித்துப் பாருங்கள். நீட்டிப்புக் கடிதம் போகும் அன்றே பணமும் போகட்டும்.